வழி விடுவது தானமா, கடனா?

நம் நாட்டுச் சாலைச் சந்திப்புகளில் தலைகீழ் முக்கோணமாக ஒரு பலகை நிற்கும். அதில் 'பெரி லாலுவான்' என்று எழுதியிருக்கும். லைசென்ஸ் எடுத்த எல்லாருக்கும் அர்த்தம் தெரியும்: வழி கொடு. தமிழில் நாம் 'வழி விடு' என்கிறோம், மலாயில் 'கொடு' என்கிறார்கள். கொடு என்றால் எந்த மாதிரிக் கொடுப்பது? கோயில் வாசலில் கையேந்துபவருக்குக் கொடுப்பது போலவா, இல்லை கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கொடுப்பது போலவா? முதலாவது தானம், இரண்டாவது கடன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் இளைஞர் பிரிவில் தேவார வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு ஆரம்பித்தது. கேள்வி ரொம்பச் சின்னது. வரிக்குதிரைக் கோட்டில் நமக்காக ஒரு காடி நின்றால், கையைத் தூக்கி நன்றி சொல்ல வேண்டுமா?

சட்டம் படிக்கும் தங்கை ஒருத்தி, "எதுக்குச் சொல்லணும்? அது நம்ம உரிமை. அவர் நிக்காம போனாதான் தப்பு. தப்பு செய்யலைங்கிறதுக்காகவெல்லாம் நன்றி சொல்வாங்களா?" என்றாள். இரவில் மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் அண்ணன் ஒருவர் சிரித்தார். "நீ கோட்டுல நிக்கிற தங்கச்சி, நான் மழையில நிக்கிறேன். நான் நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எனக்குக் காசு. கைய தூக்குனா கொறஞ்சா போயிடும்?" என்றார். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த எங்க பாட்டி, "யாரு நின்னாலும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்கடா. உசுரு நம்மளோடது" என்று முடித்துவிட்டார்.

மூன்று பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. அதனால்தான் குழப்பம்.

நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. சாலை வடிவமைப்பு எங்களுக்கு ஒரு பாடம். அதில் வாகனம், வேகம், வளைவு, வடிகால் எல்லாம் வரும். வழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மட்டும் வராது, அது ஏற்கெனவே முடிவான விஷயம் மாதிரிதான் பாடம் நடக்கும். ஆனால் நம் பழைய கதைகளில் இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ராமாயணம், மகாபாரதம் என்றால் போர்தான் என்று நினைக்கிறோம். வழியை மறித்துக்கொண்டு இரண்டு பேர் போட்ட சண்டையும் அதில் இருக்கிறது.

ஆதிபர்வத்தில் கல்மாஷபாதன் என்ற அரசனின் கதை. வேட்டையாடி, பசியும் தாகமுமாகத் திரும்பி வருகிறான். ஒரு ஆள் மட்டுமே போகக்கூடிய ஒற்றையடிப் பாதை. எதிரே வசிஷ்டரின் மூத்த மகன் சக்தி வருகிறார். "வழி விடு" என்கிறான் அரசன். "தர்மப்படி நீதான் எனக்கு வழி விட வேண்டும்" என்கிறார் சக்தி. இரண்டு பேரும் நகரவில்லை. அரசனுக்குக் கோபம் வந்து சாட்டையால் அடிக்கிறான். சக்தி அவனை, மனிதரைத் தின்னும் அரக்கனாகும்படி சபிக்கிறார். அரக்கனான அரசன் முதலில் தின்றது யாரை? சபித்த சக்தியையே. அப்புறம் வசிஷ்டரின் மற்ற பிள்ளைகளையும்.

கோபத்தைப் பற்றிய கதை என்று இதைச் சுருக்கிவிடலாம். எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கால விதிப்படி சக்தி சொன்னதுதான் சரி. வழி அவருடையது. ஆனால் செத்ததும் அவர்தான். விதி யார் பக்கம் இருக்கிறது என்பதும் அடி யார் மேல் விழுகிறது என்பதும் இரண்டு தனித்தனி விஷயம். சட்டம் படிக்கும் தங்கையும் எங்க பாட்டியும் இந்த இரண்டில் ஆளுக்கு ஒன்றைப் பேசினார்கள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வனபர்வத்தில் இதற்கு நேர் எதிரான சந்திப்பு ஒன்று வருகிறது. அஷ்டாவக்கிரர் சிறுவனாக ஜனகரின் வேள்விக்குப் போகிறார். வழியில் அரசர் வருகிறார், சிறுவனை ஒதுங்கச் சொல்கிறார்கள். அவன் பயப்படாமல் ஒரு பட்டியல் சொல்கிறான்: பார்வையில்லாதவருக்கு வழி, காது கேளாதவருக்கு வழி, பெண்ணுக்கு வழி, சுமை தூக்கி வருபவருக்கு வழி, பிறகு அரசனுக்கு வழி, ஆனால் அந்தணர் எதிரே வந்தால் வழி அவருக்குத்தான். ஜனகர் கோபப்படவில்லை. வழி விட்டார்.

இந்தப் பட்டியலை நான் பல தடவை படித்தேன். இதன் முதல் பாதி இன்றைக்கும் சாலைப் பொறியியல் புத்தகத்தில் அச்சடிக்கத் தகுந்தது. பார்க்க முடியாதவர், ஹார்ன் கேட்காதவர், கையில் பையும் இடுப்பில் பிள்ளையுமாக வருபவர் ஆகியோர் ஒதுங்குவது கஷ்டம், அதனால் மற்றவர் ஒதுங்க வேண்டும். இது தேவையைப் பார்த்து வரும் வரிசை. இரண்டாம் பாதி அப்படியில்லை, அது அந்தஸ்தைப் பார்த்து வரும் வரிசை. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த இரண்டாம் பாதி வரலாற்றில் எங்கே போய் முடிந்தது என்பதை இந்து இளைஞர்களான நாமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1924-இல் கேரளத்தின் வைக்கத்தில் மக்கள் போராடியது கோயிலுக்குள் நுழையக்கூட அல்ல, சிவன் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்கு. நடக்க! தமிழ்நாட்டிலிருந்து பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றார். ஒரு தெருவில் கால் வைக்க சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்த சமூகம் நம்முடையது.

இப்போது அந்த வரிசை ஒழிந்துவிட்டதா? பெரிய கறுப்புக் காடி வந்தால் சின்னக் காடி ஒதுங்குகிறது, சின்னக் காடி வந்தால் மோட்டார் ஒதுங்குகிறது, மோட்டார் வந்தால் நடப்பவர் ஒதுங்குகிறார். இதை யாரும் சட்டமாக எழுதவில்லை. எல்லாரும் கடைப்பிடிக்கிறோம்.

ஓட்டுநர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மனுஸ்மிருதியிலும் யாருக்கு வழி விட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் முதலில் வருபவரே வண்டியில் வருபவர். அப்புறம்தான் தொண்ணூறு தாண்டிய முதியவர், நோயாளி, சுமை தூக்குபவர், பெண் என்று போகிறது. வண்டிக்கு ஏன் முதல் இடம்? காரணம் அங்கே சொல்லப்படவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: மாடோ குதிரையோ பூட்டிய வண்டியைச் சட்டென்று நிறுத்த முடியாது, திருப்ப முடியாது. நடப்பவர் ஒரு எட்டு வைத்தால் ஒதுங்கிவிடலாம். யாருக்கு நிற்பது சுலபமோ அவர் நிற்கட்டும்.

இந்த நியாயம்தான் ரயிலுக்குப் பொருந்துகிறது. ரயில் வரும்போது ராஜாவானாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். உணவு கொண்டுபோகும் அண்ணன் சொன்னதும் கிட்டத்தட்ட இதே. "நீ சும்மா நின்னா போதும். நான் பிரேக் புடிச்சு, ஈர ரோட்டுல சறுக்காம நின்னு, மறுபடி கெளம்பணும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் படிப்பு வேறு எதுக்கு! காய்ந்த தார்ச்சாலை, நல்ல டயர், ஓட்டுநர் ஆளைப் பார்த்துப் புரிந்துகொண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் காடி நிற்க ஏறக்குறைய 17 மீட்டர் வேண்டும். 50-இல் வந்தால் 35 மீட்டர். 60-இல் வந்தால் 45 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகும், பள்ளியில் படித்த அதே இயற்பியல்தான்.

இதில் என்னை உலுக்கிய எண் வேறு. 50-இல் வந்த காடியும் 60-இல் வந்த காடியும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பாட்டியைப் பார்க்கின்றன என்று வைப்போம். 50-இல் வந்தது பாட்டியின் புடவை ஓரத்தில் போய் நின்றுவிட்டது. அதே புள்ளியில் 60-இல் வந்த காடி இன்னும் மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். பத்து கிலோமீட்டர் கூடுதல் வேகம், 'பத்துதானே' என்று நாம் எல்லாரும் அசட்டையாக நினைக்கிற பத்து, அந்த இடத்தில் நாற்பத்து மூன்றாக வந்து இடிக்கிறது.

இங்கேதான் ரயில் உதாரணம் உடைகிறது. ரயில் நிற்க முடியாதது அதன் இயல்பு. காடி நிற்க முடியாதது ஓட்டுபவர் தேர்ந்தெடுத்த வேகம். வரிக்குதிரைக் கோடு இருக்கிறது என்று முன்னாலேயே பலகை சொல்லியும் வேகத்தைக் குறைக்காதவர், பிறகு "என்னால நிறுத்த முடியல" என்றால் அது பாதி உண்மைதான். முடியாமல் ஆக்கிக்கொண்டது அவரே. தன் கையாலேயே செய்துகொண்ட இயலாமையைக் காட்டி இன்னொருவரின் வழியைக் கேட்க முடியாது.

இதே இடத்தில்தான் மனுநீதிச் சோழன் கதையும் நிற்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பசு மணி அடித்தது, அரசன் மகனையே தேர்க்காலில் இட்டான், இறைவன் காட்சி தந்தார், முடிந்தது. பேச்சுப் போட்டிக்கு நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன். பெரியபுராணத்தில் அதை நிதானமாகப் படித்தால் இது ஒரு சாலை விபத்து வழக்கு. இளவரசன் தேரில் வீதியில் போகிறான். குடித்துவிட்டு ஓட்டவில்லை, ரேஸ் விடவில்லை. கன்று திடீரென்று துள்ளி வந்து சக்கரத்துக்குள் விழுந்துவிட்டது. அமைச்சர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்: கன்றாக வந்து விழுந்தது, பரிகாரம் செய்தால் போதும். இன்றைக்கு ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற அதே வார்த்தை. "அவங்கதான் திடீர்னு குறுக்கே வந்தாங்க."

அரசன் அதை ஏற்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்டது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றே சொல்வேன். அவன் ஆணையை நிறைவேற்ற மனம் வராமல் ஒரு அமைச்சர் உயிரை விட்டதையும் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவன் எதை மறுத்தான் என்பது முக்கியம். 'தப்பு என் மகன் மேல் இல்லை' என்ற இடத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது என்பதைத்தான் மறுத்தான். தேர் தெருவில் இறங்கினதால்தான் ஆபத்தும் தெருவுக்கு வந்தது. கன்று எந்த ஆபத்தையும் கொண்டுவரவில்லை. ஆபத்தைக் கொண்டுவந்தவருக்கு, தப்பே செய்யாவிட்டாலும், கூடுதல் பொறுப்பு உண்டு.

2022 ஜனவரியில் பிரிட்டன் தன் சாலை விதிநூலைத் திருத்தியது. அதில் சேர்த்த முதல் விதி, யாரால் அதிகத் தீங்கு விளையக்கூடுமோ அவருக்கே மற்றவருடைய ஆபத்தைக் குறைக்கும் பொறுப்பும் அதிகம் என்கிறது. லோரிக்காரருக்கு அதிகம், காடிக்காரருக்கு அடுத்து, சைக்கிள்காரருக்கும் நடப்பவரைப் பொறுத்த அளவில் உண்டு. திருவாரூரில் கல்தேர் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மற்றபடி இந்த விஷயத்தில் உலகம் முன்னேறிய கதை ஒன்றும் பெருமையானது அல்ல. 1896-இல் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரிட்டனில் காடி மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். இனி இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னதாகப் பதிவு இருக்கிறது. இன்று உலகத்தில் ஆண்டுக்குப் பதினொரு லட்சத்துக்கும் மேலானவர்கள் சாலையில் சாகிறார்கள், அதில் ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1923-இல், எல்லாக் காடிகளிலும் மணிக்கு 25 மைலுக்கு மேல் போக முடியாதபடி ஒரு கருவி மாட்ட வேண்டும் என்று ஓட்டெடுப்பே நடந்தது. வாகனத் தொழில் பலமாக எதிர்த்தது, தீர்மானம் தோற்றது. அதே காலத்தில்தான் தெருவைக் குறுக்கே கடப்பவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்யும் 'ஜேவாக்கர்' என்ற சொல்லையும் பரப்பினார்கள். அதுவரை தெரு எல்லாருக்கும் பொது. அப்புறம் தெரு காடிக்கு, ஓரம் நமக்கு. பிரிட்டனில் 1951-இல் சட்டமாக வந்த வரிக்குதிரைக் கோடு, அப்படிப் பறிபோன தெருவில் ஒரு சின்னத் துண்டைத் திருப்பிக் கொடுத்தது என்றுதான் நான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் அது தானம் இல்லை. திருப்பிக் கொடுப்பதை யாராவது தானம் என்பார்களா?

இவ்வளவு தெளிவாக இருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் போன வருடம் எங்க பாட்டிக்கு நடந்தது இந்தத் தெளிவை எல்லாம் கலைத்துவிட்டது.

எங்கள் தாமானுக்கும் கோயிலுக்கும் நடுவே நான்கு வழிச் சாலை ஒன்று. வரிக்குதிரைக் கோடு உண்டு, பாதி அழிந்துவிட்டது. பாட்டிக்கு 74 வயது. வெள்ளிக்கிழமை தவறாமல் பூக்கூடையோடு போவார். அன்றைக்கு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தபோது உள்பக்கப் பாதையில் ஒரு காடி நின்றது. ஓட்டுநர் நடுத்தர வயதுக்காரர், நல்ல மனுஷன். கையை அசைத்து "வாங்கம்மா" என்று சைகை காட்டினார். பாட்டி வழக்கம்போல அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். அந்தக் காடியைத் தாண்டி அடுத்த பாதையில் கால் வைத்தபோது ஒரு மோட்டார் வந்தது. ஓட்டி வந்த பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். நின்றிருந்த காடி மறைத்ததால் அவனுக்குப் பாட்டி தெரியவில்லை, பாட்டிக்கு அவன் தெரியவில்லை. அவன் வளைத்துத் திருப்பினான், கைப்பிடி கூடையில் பட்டு பாட்டி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அதோடு போனது தெய்வாதீனம்.

நான் போய்ச் சேர்ந்தபோது நிறுத்தின அந்த மனிதர் சாலை ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "நான் நிக்காம போயிருந்தா அவங்க அங்கயே நின்னிருப்பாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் தப்பு செய்தாரா? இதைப் பற்றி எங்கள் குழுவில் இரண்டு வாரம் வாக்குவாதம் நடந்தது. தங்கை, "அவர் சட்டப்படி செய்தார், தப்பு மோட்டார்க்காரன் மேல்" என்றாள். ஒருவர் நின்றால் ஏன் நின்றார் என்று யோசிக்க வேண்டும், தாண்டக் கூடாது. அது சரிதான். அண்ணன், "அந்தப் பையனுக்கு மூளை இல்லன்னு சொல்லாதீங்க. நம்ம ஊருல காடி எதுக்கு வேணும்னாலும் நடுரோட்டுல நிக்கும். போன் வந்தா நிக்கும், பிசாங் கோரெங் வாங்க நிக்கும். ஒவ்வொன்னுக்கும் நின்னா எப்படிப் போறது?" என்றார். அதையும் தள்ளிவிட முடியவில்லை.

நான் வந்து சேர்ந்த இடம் இது. தானம் தனியாகச் செய்யலாம். நான் ஒருவன் அன்னதானம் செய்தால், மற்றவர் செய்யாவிட்டாலும் சாப்பிட்டவர் வயிறு நிறையும். வழி விடுவது அப்படி இல்லை. நான்கு பாதையில் மூன்று பேர் நின்று ஒருவர் நிற்காவிட்டால், அந்த மூன்று பேரின் நல்ல குணமே நடப்பவரைப் பொறிக்குள் கூட்டிக்கொண்டு போகிறது. எல்லாரும் செய்தால்தான் அது நன்மை. அரைகுறையாகச் செய்தால் ஆபத்து. அந்த மனிதர் அழுதது அதனால்தான். அவர் செய்ததில் குறை ஒன்றுமில்லை. அவர் செய்தது ஒரு பெரிய செயலின் கால் பாகம், மற்ற முக்கால் பாகம் வரவே இல்லை. ஆகவே, "எனக்கு மனசு இருந்தா நிப்பேன், இல்லன்னா போவேன்" என்று ஓட்டுநரின் நல்ல மனசுக்கு விட்டுவிட முடியாத விஷயம் இது. தானமாக இருந்தால் மனசுக்கு விடலாம். கடன் என்றால் ஒவ்வொருவரும் கட்டியாக வேண்டும்.

சைகைகூட நமக்குள் ஒத்துப் போகவில்லை பாருங்கள். பிரிட்டனில் காடிக்காரர் முன்விளக்கை மின்னினால் பெரும்பாலும் 'நீங்க போங்க' என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே அதையே மின்னினால் 'நான் வர்றேன், நகராதே' என்று அர்த்தம். அங்கே படித்துவிட்டு வந்த யாராவது ஜாலான் ஈப்போவில் அதை நம்பி இறங்கினால் என்ன ஆவது! அகநானூற்றில் ஒரு தேர்க்காரன் வருகிறான். பூவில் தேன் குடிக்கும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாதென்று தேரில் கட்டிய மணிகளின் நாக்கைக் கட்டிவிட்டு ஓட்டுகிறான். வண்டுக்கே அப்படி. ஹார்னை அமுக்கிக்கொண்டே வரிக்குதிரைக் கோட்டைத் தாண்டுகிறவர்களைப் பார்க்கும்போது அவன் நினைவு வந்து தொலைக்கிறது.

மனசை மட்டும் நம்ப முடியாது என்றால் வேறு எதை நம்புவது? இங்கேதான் என் படிப்பு கொஞ்சம் உதவுகிறது. காடி நிற்க வேண்டிய கோட்டை வரிக்குதிரைக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னாலேயே போட்டால், நின்ற காடி அடுத்த பாதையை மறைப்பது குறையும். நடுவில் ஒரு திட்டு கட்டினால் பாட்டி ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். கோட்டையே மேடாக உயர்த்திக் கட்டினால் வேகம் தானாகக் குறையும். இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம், சிமெண்டும் பெயின்டும் போதும்.

சமிக்ஞை விளக்கிலும் இந்த அறம் ஒளிந்திருக்கிறது. பச்சை மனிதன் எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று கணக்கிடும்போது, ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளில் நெடுநாளாக இருந்தது. 14 மீட்டர் சாலையைக் கடக்க அந்தக் கணக்கில் 12 விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் எங்க பாட்டிக்கு 17 விநாடிக்கு மேல் வேண்டும். மீதி ஐந்து விநாடி அவர் எங்கே நிற்பார்? நடுரோட்டில். 1.2 என்று எழுதும்போது, யாருடைய கால் கணக்கில் வரும், யாருடையது வராது என்றும் சேர்த்து முடிவு செய்கிறோம். சிங்கப்பூரில் 2009-இல் ஆரம்பித்த 'கிரீன் மேன் பிளஸ்' திட்டத்தில் முதியவர் தன் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால் பச்சை விளக்கு கூடுதலாகச் சில விநாடி எரியும். பின்னால் காத்திருக்கும் காடிகளுக்கு அந்தச் சில விநாடிதான் செலவு. அஷ்டாவக்கிரரின் பட்டியலில் நல்ல பாதியை யாரோ விளக்குக்கம்பத்தில் பொருத்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

நம் பக்கம் பெரும்பாலும் தீர்வு என்றால் நடைமேம்பாலம். காடி சமதரையில் நேராகப் போகும், பாட்டி இரண்டு மாடி ஏறி இறங்குவார். அதிலும் மோட்டார்க்காரர் சிலர் பாலத்தின் மேலேயே ஓட்டிக்கொண்டு வருவார்கள். அதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியல.

நடப்பவர்களுக்குக் கடன் இல்லையா? உண்டு. கோட்டில் இறங்கும்போது போனைப் பார்த்துக்கொண்டு போவது, நின்ற காடிக்கு அப்பால் எட்டிப் பார்க்காமல் ஓடுவது, இருபது அடியில் கோடு இருக்க வேறு இடத்தில் பாய்வது எல்லாம் ஓட்டுநர்மேல் சுமையை ஏற்றுவதுதான். இதில் நம் இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று: தைப்பூசத்துக்கு முன்னைய இரவுகளில் பத்துமலைக்கு நடந்து போகிறவர்கள். கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் அன்றைக்கு அந்தச் சுமார் 15 கிலோமீட்டர் பாதையில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், வழி நம்முடையது. மற்ற இரவுகளில் அப்படி இல்லை. இருட்டில் கறுப்பு டீசட்டையோடு நான்கு பேர் கைகோர்த்துச் சாலையில் நடந்தால் லோரிக்காரருக்கு எப்படித் தெரியும்? முருகன் பார்த்துக்கொள்வார் என்றால், அவர் கொடுத்த கண்ணையும் ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கிற ஒளிப்பட்டையையும் நாம்தான் பயன்படுத்த வேண்டும்.

சரி, கையைத் தூக்க வேண்டுமா? நான் தூக்குகிறேன். தானம் கொடுத்தீர்களே என்பதற்காக அல்ல. கடனைத் திருப்பிக் கொடுப்பவரிடமும் 'நன்றிங்க' என்று சொல்வதில்லையா? அதோடு, கையைத் தூக்கும்போது இரண்டு பேரின் கண்ணும் சந்திக்கின்றன. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன் என்று உறுதியாகிறது. அந்த அரை விநாடி எந்தப் பெயின்டையும்விடப் பாதுகாப்பு. ஆனால் ஓட்டுநர் அதை எதிர்பார்க்கக் கூடாது. கை தூக்காமல் போன பள்ளிப் பிள்ளையைப் பார்த்து ஹார்ன் அடிப்பவர், கடனைக் கட்டிவிட்டு ரசீதில் மாலை போடச் சொல்கிறவர். தங்கைக்கு இதில் பாதிதான் சம்மதம். "கண்ணப் பாக்குறேன், கைய தூக்க மாட்டேன்" என்கிறாள். இருக்கட்டும்.

எங்கள் சாலையைப் பற்றி எழுதிக் கொடுத்தோம். அது எங்கள் பொறுப்பில் இல்லை, வேறு இலாகாவின் சாலை என்று முதல் இடத்தில் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் மனுவை வாங்கிக்கொண்டு எண் கொடுத்தார்கள். அந்தப் பசுவுக்கு அடிப்பதற்கு ஒரே மணிதான் இருந்தது, கொடுத்து வைத்தது. மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம்: கோட்டுக்குப் புதுப் பெயின்ட், முன்னால் தள்ளிப் போட்ட நிறுத்தக் கோடு, நடுவில் திட்டு. அடுத்த மாதம் நான்கு வெள்ளிக்கிழமை மாலை பூஜை நேரத்தில் அங்கே நின்று, எத்தனை காடி நிற்கிறது, எத்தனை நிற்காமல் போகிறது, நின்றதைத் தாண்டி எத்தனை மோட்டார் வருகிறது என்று குறித்து அந்த மனுவோடு சேர்க்கப் போகிறோம். கணக்கு எழுத ஆள் வேண்டும். உணவு கொண்டுபோகும் அண்ணன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார், ஒரு வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டு வருகிறாராம். பாட்டியின் மணிக்கட்டு கூடிவிட்டது. கோயிலுக்கு இன்னும் போகவில்லை, பூவை மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறார்.